கலெக்டருக்கு இரண்டு மோட்டார்

கோட்டக்குப்பத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் என்ன கொண்டுவருவார்கள் என்பது ஊருக்கே மனப்பாடம். டேப் ரெக்கார்டர், அத்தர், கம்பளி, தலைவலித் தைலம். பஹ்ரைனில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு 1987-ல் திரும்பிய அமீருதீன் மட்டும் இரண்டு மரப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஆவலாகச் சுற்றி நின்ற சொந்தக்காரர்களுக்குப் பெட்டி திறந்ததும் முகம் தொங்கிப்போனது. உள்ளே இரண்டு மோட்டார்கள், கட்டுக்கட்டாக ஒயர், மோட்டாரை ஓட்டும் டிரைவ் என்று அவர் சொன்ன சாம்பல் நிற டப்பாக்கள், பொத்தான்களும் சின்னத் திரையும் வைத்த ஒரு கன்ட்ரோல் பெட்டி.

"இதுல எந்த ஸ்டேஷன் எடுக்கும் மச்சான்?" என்று கேட்டாள் அவர் மனைவி ஆசியா பீவி. சிரிக்காமல்தான் கேட்டாள். அவருக்கு அதுதான் உறைத்தது.

அது சர்வோ மோட்டார் என்று அவர் விளக்கினார். சாதா மோட்டார் சுவிட்சைப் போட்டால் சுற்றும், அணைத்தால் நிற்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சர்வோ, சொன்ன தூரம் சுற்றிவிட்டு, 'சுற்றிவிட்டேன்' என்று தகவலும் சொல்லும். பஹ்ரைனில் அவர் வேலை பார்த்த பட்டறையில் அந்த மாதிரி மோட்டார்களைப் பழுதுபார்த்தது அவர்தான். ஆனால் மாமனார் முத்து முகம்மது உட்பட ஊரில் பாதிப் பேர், எலக்ட்ரீஷியன் என்றால் பல்பு மாற்றுகிறவர் என்றே நினைத்திருந்தார்கள். பதினோரு வருஷம் பல்பு மாற்ற ஒருவரை விமானத்தில் ஏற்றிக் கூட்டிப்போவார்களா என்று யாரும் யோசிக்கவில்லை.

இனி திரும்பிப் போவதில்லை என்ற முடிவோடுதான் அவர் வந்திருந்தார். இரும்பைச் செதுக்கும் பழைய மில்லிங் மெஷின்களுக்கு இந்த மோட்டார்களைப் பொருத்தித் தருவதே இங்கே தொழில். மாமனார் நம்பவில்லை. துபாயில் ஒரு வேலைக்கு விசா பேசி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஏஜென்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். போனால் மூன்று வருஷம்.

கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது மொத்தம் பதினான்கு மாசம். ஆசியா பீவி எண்ணி வைத்திருந்தாள். ஆனாலும் போகாதே என்று அவள் அழவில்லை. "இங்கயே இருங்கன்னு நான் சொல்லி நீங்க இருக்கக் கூடாது. அப்புறம் ஆயுசுக்கும் என்னத்தான் குத்தம் சொல்வீங்க. உங்க வேல ஓடுச்சுன்னா இருங்க" என்றாள்.

வேலை நடந்தது விழுப்புரத்தில், துரைக்கண்ணுவின் பட்டறையில். அங்கே இருந்த மில்லிங் மெஷின் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. துறைமுக ஏலத்தில் எடுத்தது. ஆனை கனம். மனு கொடுத்துக் காத்திருந்தால்தான் அசையும் என்பதால் பட்டறையில் அதற்குக் கலெக்டர் என்று பெயர். பதினெட்டு வருஷமாக அதை ஓட்டுகிறவர் மாசிலாமணி. அவரை மேஸ்திரி என்று கூப்பிடாவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் கையிலிருந்து போன ஒரு உருப்படி கூடச் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. இதை அவரே சொல்வார், நாம் கேட்கத் தேவையில்லை.

திண்டிவனத்தில் சோடா பாட்டிலுக்கு மூடி போடும் மெஷின் செய்யும் கம்பெனி ஒன்று, கேம் தகடு வேண்டுமென்று கேட்டிருந்தது. முட்டை மாதிரி வளைந்த இரும்புத் தகடு. கைப்பிடியைச் சுற்றி மெஷினை ஓட்டினால் நேர்கோடுதான் வரும், வளைவை அரத்தால் ராவித்தான் எடுக்க வேண்டும். தகட்டுக்கு நாலு நாள் ஆகும். டேபிளை நீளவாக்கில் நகர்த்த ஒரு மோட்டார், குறுக்குவாக்கில் நகர்த்த ஒரு மோட்டார் என்று வைத்து, இரண்டையும் சேர்த்து ஓட்டினால் வளைவு தானே வரும். வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து ஆள் வந்து முதல் தகட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு.

மோட்டார் மாட்டுவதற்கு முன்பே அமீருதீன் கேட்டிருந்தார்.

"மேஸ்திரி, ஸ்க்ரூவுல ஆட்டம் ஏதாச்சும் இருக்குதா?"

டேபிளைத் தள்ளுகிற நீளமான ஸ்க்ரூவும் அது ஓடுகிற நட்டும் தேய்ந்துபோனால், திசை மாறும்போது ஸ்க்ரூ கொஞ்சம் வெறுமனே சுற்றும், டேபிள் நகராது. அதுதான் ஆட்டம்.

மாசிலாமணிக்கு மூக்கு விடைத்தது. "எம் மெஷின்ல ஆட்டமா? இன்னா பாய் கேக்குற நீ? முடி கனம் சொல்லு, வெட்டித் தர்றேன்."

ஆட்டத்தை அளந்து காட்டும் டயல் வைத்து ஒரு தரம் பார்த்திருக்கலாம். ஆனால் மெஷின் ஓட்டுகிறவர் வாயால் சொன்ன பிறகு, அவர் கண்ணெதிரே டயலை எடுத்து வைப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். எந்தப் பட்டறையிலும் அதைச் செய்ய மாட்டார்கள். அமீருதீனும் செய்யவில்லை.

திங்கட்கிழமை காலை பொத்தானை அமுக்கினார். ஆள் தொடாமலே கலெக்டரின் கைப்பிடிகள் இரண்டும் தாமாகச் சுற்றின. துரைக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து லேத் பட்டறையிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடிவந்து பார்த்தார்கள். தகடு வெட்டி முடிந்து கையில் எடுத்தபோது எல்லாம் வடிந்துபோனது. வளைவு திரும்புகிற நாலு இடத்திலும் நகத்தில் தட்டுப்படும்படி ஒரு படி.

செவ்வாய் முழுக்க அமீருதீன் டிரைவைத் திருகினார். ஒயரைப் பிரித்து மறுபடி கட்டினார். நாலு தகடு வெட்டினார். நாலிலும் அதே படி.

"பேஜாரா போச்சே பாய்" என்றார் துரைக்கண்ணு. "அவுங்க வர்ற நேரத்துல இத்தயா காட்டறது? முடியலன்னா சொல்லிடு. கழட்டிட்டு மேஸ்திரிய வெச்சி ராவிக்கினு போறேன்."

மாசிலாமணி அரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததில் லேசான சந்தோஷம் தெரிந்தது. புதன் காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டுத்தான் அமீருதீன் பஸ் ஏறினார். பயம் வந்துவிட்டது அவருக்கு. பல்பு மாற்றுகிறவன்தானோ நாம் என்று அவரே நினைக்கத் தொடங்கியிருந்தார்.

பட்டறைக்கு வந்ததும் மோட்டார்களின் இணைப்பைக் கழற்றினார். "மேஸ்திரி, நீங்க கையால ஒரு சதுரம் வெட்டுங்க. நான் பாத்துக்கினு இருக்கேன்."

"நான் வெட்டறத இன்னாத்துக்குப் பாக்கணும்?"

"உங்க கைல தப்பு வர்றதில்ல. என் மோட்டார்ல வருது. அதான்."

இந்தப் பதில் மாசிலாமணிக்குப் பிடித்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, கைப்பிடியைப் பிடித்தார். அமீருதீன் தகட்டைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தார். டேபிளை இழுத்து, கைப்பிடி வளையத்தில் போட்டிருக்கும் அளவில் நாற்பதாம் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டிய இடம். மாசிலாமணியின் கை நாற்பதில் நிற்கவில்லை. அதைத் தாண்டி அரைச் சுற்றுப் பின்னால் போய், பிறகு முன்னால் வந்து நாற்பதில் நின்றது. அடுத்த திருப்பத்திலும் அப்படியே.

"ஏன் மேஸ்திரி தாண்டிப் போயிட்டு வர்றீங்க?"

"எங்க தாண்டினேன்?"

"இப்போ. அரைச் சுத்து."

மாசிலாமணி தன் கையையே வேறு யாருடையதோ மாதிரி பார்த்தார். மறுபடி சுற்றினார். கை மறுபடியும் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. "அப்பிடித்தான் வரணும். நேரா வந்தா டேபிள் பின்தங்கிடும் இல்ல..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவர் பொய் சொன்னதில்லை. ஆட்டத்தை அவர் கை பதினெட்டு வருஷமாக விழுங்கிக்கொண்டே வந்திருந்தது, அவருக்குக்கூடச் சொல்லாமல். மோட்டாரும் பொய் சொல்லவில்லை. சுற்றிவிட்டேன் என்றது, சுற்றியும் இருந்தது. டேபிள் கூடவே வரவில்லை என்பது அதற்குத் தெரியாது.

அமீருதீன் டயலைத் தேடவில்லை. மாசிலாமணியே தன் பெட்டியைத் திறந்து டயலை எடுத்து டேபிளில் வைத்தார். ஸ்க்ரூவின் நடுவில் மூன்று கோடு ஆட்டம்.

"நட்ட இறுக்கிப் பாக்கலாமா?" என்றார் அமீருதீன் மெதுவாக.

"நடுவுல இறுக்கினா ஓரத்துல புடிச்சிக்கும் பாய். டேபிளே நகராது. ஓரத்துல ஸ்க்ரூ தேயவே இல்ல." சொல்லிவிட்டு மாசிலாமணி டேபிளையே பார்த்துக்கொண்டு நின்றார். "எல்லா வேலையும் நடுவுலயே கட்டினோம், நடுதான் தேஞ்சிது. ஓரம் புதுசு மாதிரி இருக்குது. வேலைய அங்க கொண்டுபோயி கட்டு. அங்க வெச்சி நட்ட இறுக்கு."

பதினோரு வருஷ அனுபவத்தில் அமீருதீனுக்கு இது தோன்றியிருக்காது. அந்த மெஷினோடு குடித்தனம் நடத்தியவருக்குத்தான் தோன்றும். இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினார்கள். தகட்டை டேபிளின் இடது ஓரத்தில் கட்டி, குறுக்கு ஸ்க்ரூவிலும் தேயாத பக்கமாகப் பார்த்துத் தள்ளி, நட்டுகளை இறுக்கினார்கள். மூன்று கோடு ஆட்டம் அரைக் கோடாகக் குறைந்தது. அந்த அரைக் கோட்டை அமீருதீன் கன்ட்ரோல் பெட்டிக்குள் எழுதினார். இனி திசை மாறும்போதெல்லாம் மோட்டாரும் மாசிலாமணியின் கை மாதிரி அந்த அளவைச் சேர்த்துக்கொண்டே சுற்றும்.

வியாழக்கிழமை திண்டிவனத்திலிருந்து வந்த தேவநாதன், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தகட்டின் ஓரம் முழுக்க நகத்தை ஓட்டினார். எங்கும் தட்டவில்லை. அளவும் சரியாக இருந்தது. ஆனாலும் அவர் கலெக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"தகடு நல்லா இருக்கு. மெஷின் பழசாச்சே. தேய்மானம் இருக்குமே?"

இல்லவே இல்லை என்று சொல்லத் துரைக்கண்ணு வாயைத் திறந்தார். மாசிலாமணி முந்திக்கொண்டார்.

"இருக்குதுங்க சார். நடுவுல மூணு கோடு ஆட்டம். அதனால நாங்க ஓரத்துல கட்டி ஓட்டறோம். நின்னு பாருங்க, உங்க எதிர்லயே இன்னொண்ணு வெட்டித் தர்றோம்."

துரைக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டார். அமீருதீனுக்கோ கண் கலங்கிவிட்டது. தன் மெஷினைப் பற்றி ஒரு குறையைப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாய் சொல்கிறது, அதுவும் வெளி ஆளிடம், நிமிர்ந்து நின்று.

தேவநாதன் நின்று பார்த்தார். முக்கால் மணி நேரத்தில் இரண்டாவது தகடு வந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சுற்றிலும் விரலை ஓட்டினார். ஒரே தகடு போல இருந்தது. கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, "மாசத்துக்கு எத்தினி முடியும்?" என்று கேட்டார்.

"அத பாய்தான் சொல்லணும்" என்றார் மாசிலாமணி.

"மேஸ்திரிய கேட்டுத்தான் சொல்லணும்" என்றார் அமீருதீன்.

தேவநாதன் கிளம்பிய கையோடு அமீருதீன் துரைக்கண்ணுவின் மேஜையிலிருந்து கோட்டக்குப்பத்துக்குப் போன் போட்டார். மாமனார் கடையில் மணி அடித்து, அவரே எடுத்தார்.

"மாப்ள, ஏஜென்ட் ஆளு வந்து ஒக்காந்துக்கினு இருக்காரு. வீட்லேந்து பாஸ்போர்ட்ட வாங்கிக் குடுத்து அனுப்பவா?"

"வேணாம் மாமா. எனக்கு வேல கெடச்சிடுச்சு."

"அட, சொல்லவே இல்லையே! எந்த நாட்டுல?"

பின்னால் கலெக்டர் மூன்றாவது தகட்டை வெட்டத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தத்தில் மாமனாருக்குக் கேட்காமல் போய்விடக் கூடாது என்று அமீருதீன் பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்:

"விழுப்புரத்துல!"