ஏன் அந்த ஊர் மட்டும்

"இனி ஒரு ஊரோட மட்டும் நிப்பம்," என்று சிவபாதம் சொன்னபோது துர்க்காவின் மனதில் எழுந்த கேள்வி, ஏன் அந்த ஊர் என்பதுதான்.

கனடாவில், வோபர்ன் பகுதியில் கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் மேல்மாடி அறையில் கல்வி நிதியத்தின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கென்யா, உகண்டா, டோகோ என்று ஆபிரிக்காவில் ஆங்காங்கே சிறு பள்ளிக்கூடங்களுக்கு உதவிவந்த நிதியம் அது. தலைவர் சிவபாதம், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். துர்க்கா செயலாளர்.

"எல்லா இடமும் கிள்ளித் தெளிச்சு, ஒரு பிள்ளையும் முழுசாப் படிச்சு வெளியில வரேல்லை. டோகோவில அகொலே எண்ட ஊரை மட்டும் எடுப்பம். பாலர் வகுப்பில தொடங்கிக் கடைசி வரைக்கும் நாங்களே நிண்டு பாப்பம்," என்றார் அவர்.

சொன்னதில் பிழையில்லை. ஆனால் உகண்டாப் பள்ளியும் அதே நிலைமையில்தானே கிடந்தது?

"அப்ப நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன் அண்ணை. எனக்குப் பிரெஞ்சும் தெரியும்," என்றாள் துர்க்கா. அவள் பாரிசில் வளர்ந்தவள்.

"தேவையில்லை." பதில் வெடுக்கென்று வந்தது. "நான்தானே ஒவ்வொரு தை மாசமும் போறனான்."

தனியாகத்தான் போவார். மனைவி சுபாங்கியைக்கூட ஒருநாளும் கூட்டிப்போனதில்லை.

அன்றிலிருந்து துர்க்காவின் கண் அவர்மேலேயே இருந்தது. படிக்கட்டில் நின்று தணிந்த குரலில் பிரெஞ்சில் கதைப்பார். அவள் வருவதைக் கண்டதும் போனை வைத்துவிடுவார். அகொலேயிலிருந்து வந்த படங்கள் எல்லாவற்றிலும் அவருக்குப் பக்கத்தில் அஃபி என்ற ஆசிரியை நின்றாள். ஒரு படத்தில் அவள் தலையில் கைவைத்திருந்தார். அஃபிக்கு முப்பது வயதுக்குச் சற்றுமேல் இருக்கும். கனடா வரும் வழியில், காசு வாங்கி ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன் சிவபாதத்தை டோகோவில் கைவிட்டுப்போனதும் ஏறக்குறைய அவள் பிறந்த காலத்தில்தான். அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

"உமக்கு மட்டும் சொல்லுறன்," என்று நிர்வாகக் குழுவிலிருந்த யோகமலரிடம் துர்க்கா சொன்னாள். "அந்தப் பெட்டை அவரின்ரை மகளாத்தான் இருக்கவேணும்."

கதை சிவபாதத்தின் வீடு இருந்த பிக்கரிங்வரை போனது. அந்த வாரமே சுபாங்கி துர்க்காவுக்குப் போன் எடுத்தாள்.

"நீர்தானே செயலாளர். ஆர் அந்தப் பெட்டை?"

"எனக்குத் தெரியாது அக்கா," என்றாள் துர்க்கா. அப்படிச் சொன்ன பிறகுதான், உண்மையிலேயே தனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை அகொலேப் பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தாள். அஃபிதான் கதைத்தாள். துர்க்கா சுற்றிவளைத்துக் கேட்டதைப் புரிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"என் அப்பா முற்றத்தில் கொக்கோ காயவைத்துக்கொண்டிருக்கிறார். கூப்பிடட்டுமா?" என்றாள் கோபத்தோடு. பிறகு குரல் தணிந்தது. "சிவபாதம் தன் தம்பியைப் பார்க்கத்தான் வருகிறார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதைத்திருக்கிறோம். காய்ச்சலில் கிடந்தவரை என் அம்மாதான் பார்த்தார். உங்களுக்கு இது தெரியாதா?"

பின்னேரம் பிளாசாவின் கார் தரிப்பிடத்தில் சிவபாதத்தின் காருக்குள் இருந்து துர்க்கா எல்லாவற்றையும் சொன்னாள். தான் பரப்பியதையும் சொன்னாள். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார்.

"தம்பியும் என்னோடதான் வந்தவன். அவன் வேற ஆக்களோட ஐரோப்பாவுக்குப் போட்டான் எண்டு அம்மாட்டைச் சொன்னனான். அவ இப்ப ஒஷாவாவில தங்கச்சியோட. இண்டைக்கும் போன் அடிச்சா அவனோ எண்டு கேக்கிறா. ஆரையும் அங்கை கூட்டிப்போனா விசயம் வெளியில வந்திடும்."

"அக்காட்டை எண்டாலும் சொல்லியிருக்கலாமே."

"அவ அம்மாட்டை மறைக்கமாட்டா, பிள்ளை."

அன்றைக்கே அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சுபாங்கி மறுபடியும் துர்க்காவுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பியைப் புதைச்ச இடம் ஒண்டு இருந்தா, மகள் இல்லையெண்டு ஆகுமோ?"

"நான் அஃபியோட கதைச்சனான் அக்கா. சத்தியமா அப்பிடி ஒண்டும் இல்லை."

"போன கிழமை மகள் எண்டு சொன்னதும் நீர்தானே? அதை நம்பவோ, இதை நம்பவோ?"

துர்க்கா சொன்ன பொய் அந்த வீட்டுக்குள் சுலபமாக நுழைந்துவிட்டது. இப்போது உண்மையைக் கொண்டுபோனால் கதவு திறக்கவில்லை.

தை மாதம் சுபாங்கியும் கணவரோடு புறப்பட்டாள். "என்ரை கண்ணாலை பாத்தாத்தான்," என்று யோகமலரிடம் சொல்லிவிட்டுப் போனாளாம்.

திரும்பிவந்த அடுத்த கூட்டத்துக்கு அவளும் வந்தாள். குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் பேசினாள்.

"தம்பி மாமரத்துக்குக் கீழைதான் கிடக்கிறான். திருநீறு போட்டுக் கும்பிட்டனாங்கள். அஃபியின்ரை தாய் தேப்பன் வீட்டிலைதான் தங்கினனாங்கள். மாமியிட்டையும் சொல்லியாச்சு. ரெண்டு நாள் சாப்பிடேல்லை, பிறகு அவன்ரை படத்துக்கு விளக்கு வைக்கச் சொன்னா. அந்த ஊர்ப் பெட்டையள் ஆறாம் வகுப்போட நிண்டிடுதுகள். மேல் வகுப்புக்கு மலை இறங்கிப் போகவேணும். அதை முதல் அங்கையே தொடங்குவம்."

"அக்கா..." என்று துர்க்கா எழுந்தாள்.

சுபாங்கி திரும்பவில்லை. "உவவைச் செயலாளர் பதவியிலயிருந்து விலத்தச் சொல்லி நான் கேக்கேல்லை," என்றாள் யோகமலரைப் பார்த்து. "ஆனா என்னோட கதைக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

சிவபாதம் தொண்டையைச் செருமி, அகொலே மட்டும் என்ற தீர்மானத்தை வாக்குக்கு விட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. துர்க்காவும் நின்றபடியே தன் கையை உயர்த்தினாள்.