எதெல்மிராவின் இருட்டு

பூமி அதிர்ந்த அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, எதெல்மிரா நவுவெல்கீன் வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்ட ஆரம்பித்தது. சிலோயே தீவின் கெல்த்தூய் கிராமத்தில் மற்ற வீடுகளிலெல்லாம் சூரியன் எப்போதும்போல நிதானமாகத்தான் இறங்கியது. எதெல்மிராவின் கூரை, கோழிக்கூண்டு, உருளைக்கிழங்குப் பாத்தி, வேலி இவ்வளவுக்கும் மட்டும் மூன்று மணிக்கு இரவு வந்து, ஊருக்கு விடியும்போதுதான் விலகியது. வேலிக்கு அந்தப் பக்கம் வெயிலில் துணி காயும். இந்தப் பக்கம் நட்சத்திரம் தெரியும்.

முதலில் இதைக் கவனிக்க ஊரில் யாருக்கும் மனமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் வெகுதூரம் உள்வாங்கிப் போய், பிறகு எழுந்து வந்து, கரையோர வீடுகளையும் படகுகளையும் ஆட்களையும் கொண்டுபோயிருந்தது. படகோட்டி ரோசமெல் சிகுவாயின் மனைவி உபெர்லிண்டா, மேட்டுக்கு ஓடும் வழியில் பசுவை அவிழ்த்துவிடத் திரும்பினாள். பசு மேடேறி வந்துவிட்டது. அடுத்து வந்த குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் ஊரே இருண்டுவிடும் என்பதால் வித்தியாசம் பெரிதாக உறுத்தவில்லை. கோடை வந்து, இரவு பத்து மணி வரை வெளிச்சம் நிற்கத் தொடங்கியபோதுதான் அந்த ஒரு வீடு கம்பளியில் விழுந்த ஓட்டைபோலத் தெரிந்தது.

தலைநகரிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் தேவாலயப் படியில் உட்கார்ந்து விளக்கினார். “பூமிக்குள்ள பெரிய பாறை சரிஞ்சு உள்ளாற இறங்கிடுச்சு. சுத்துறவன் விரிச்ச கையை மடக்கிக்கிட்டா வேகமாச் சுத்துவான் இல்லையா, அந்த மாதிரி பூமியும் இப்ப கொஞ்சம் வேகமாச் சுத்துது. அதனால நாள் குறைஞ்சிருக்கு. கண்ணிமைக்கிற நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட இருக்காது. யாருக்கும் தெரியாது.”

பக்கத்து வீட்டு ஓர்தென்சியா ஓயார்சூன் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். “எல்லாருக்கும் பங்கு பிரிச்சிருந்தா தெரிஞ்சிருக்காது ஐயா. மொத்தத்தையும் எதெல்மிரா வீட்டுலயில்ல கழிச்சிருக்காங்க. கேக்க ஆளில்லாத வீடுன்னா கை தானா நீளுது.”

பொறியாளர் எதெல்மிராவின் வீட்டுக்குப் போய் வேலிக்குள் கையை நீட்டினார், கை இருட்டில் மறைவதைப் பார்த்தார், எடுத்துக்கொண்டார். மறுநாள் படகில் போய்விட்டார்.

கேட்க ஆளில்லை என்பது உண்மைதான். எதெல்மிராவின் கணவன் பவுதீலியோ, பதகோனியாவில் ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போனவன், அடுத்த கோடையில் வருவதாகச் சொல்லியிருந்தான். எத்தனையோ கோடைகள் போய்விட்டன. இப்போது அக்கம்பக்கத்தாரும் வருவது குறைந்தது. உள்ளே வந்தால் கொட்டாவி வருகிறது, கோழியெல்லாம் தூங்குகிறது, குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியிருக்கிறது என்றார்கள். எதெல்மிரா ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே வெயிலில் வைக்கோல் வாரும் சனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருட்டில் இருப்பவளுக்கு அவர்கள் ஒவ்வொருவரின் முகமும் தெளிவாகத் தெரிந்தது. சில நாள் கையசைத்துப் பார்த்தாள். யாரும் திருப்பி அசைக்கவில்லை, இருட்டில் அவள் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால்.

ஊருக்கு மனசாட்சி உறுத்தி, வீட்டையே வேறிடத்துக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. மரவீட்டை அஸ்திவாரத்திலிருந்து பெயர்த்து, உருட்டுக் கட்டைகளின் மேல் ஏற்றி, ஏர்மாடுகளைப் பூட்டி ஊரே கூடி இழுப்பது அங்கே வழக்கம். காலையில் தொடங்கினார்கள். பாதி மேடு ஏறியபோது மூன்று மணி ஆயிற்று. வீட்டுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த எதெல்மிராவைச் சுற்றி இருட்டு விழுந்தது, மாடுகள் நின்றன, சில படுத்துக்கொண்டன. பழைய இடம் பின்னால் பளிச்சென்று வெயிலில் கிடந்தது.

“வீட்டுல இல்லடா அது, அவகிட்ட இருக்கு,” என்றான் ஒருவன்.

“அப்ப அவளத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு வீட்ட வெச்சுக்குவோமா?” என்றாள் ஓர்தென்சியா. “இழுங்கடா பேசாம.”

விளக்குப் பிடித்துக்கொண்டு இழுத்து மேட்டில் நிறுத்தினார்கள். எதெல்மிரா எல்லோருக்கும் கறியும் கிழங்கும் ஆப்பிள் மதுவும் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்து அவர்கள் வெளிச்சத்துக்குள் இறங்கிப் போனார்கள்.

இன்னொரு கோடையில், ஜனவரி மாதம், மூன்று மணி தாண்டியதும் படகோட்டி ரோசமெல் கதவைத் தட்டினார். மனைவி போனபின் அவர் அதிகம் பேசுவதில்லை.

“உள்ள வரலாமா, தோன்யா எதெல்மிரா?” என்று மரியாதை குறையாமல் கேட்டார்.

“இருட்டா இருக்கு. பாத்து வாங்க.”

“இருட்டுக்குத்தான் வந்தேன்.” தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “காலையில எப்படியோ ஓடிடுது. அவ பசுவுக்காகத் திரும்பின நேரம் வந்துச்சுன்னா அதுக்கப்புறம் பொழுது நகரவே மாட்டேங்குது. வெளிய இன்னும் அவ்வளவு வெயில் கிடக்கு. அத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

எதெல்மிரா தண்ணீர் சுடவைத்து மாத்தே இலை போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும், “போறதுன்னா வெளிச்சம் இருக்கும்போதே சொல்லிட்டுப் போங்க,” என்றாள். “இருட்டுல ஒருத்தர் எழுந்து போற சத்தத்த என்னால தாங்க முடியாது.”

அவர் போகவில்லை. நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மறுநாளும் வந்தார். பிறகு பசுவையும் ஓட்டிக்கொண்டு வந்தார். “மூணு மணிக்கே படுக்கப் போறாரே, வயசுக் கோளாறா, வயசில்லாத கோளாறா?” என்று ஓர்தென்சியா ஊரைச் சிரிக்கவைத்தாள். பிறகு அதுவும் அலுத்துப்போயிற்று. அப்படியே பதினேழு வருடங்கள் போயின. இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, பேசாமல் இருப்பதற்கு ஒருவருக்கொருவர் துணையிருந்தார்கள்.

எதெல்மிரா ஒரு கோடையில் நெஞ்சில் சளி கட்டி இறந்தாள். நண்பகலில் புதைத்தார்கள். அன்று மூன்று மணிக்கு வீட்டில் இருட்டவில்லை. சாயங்கால வெயிலில் அந்த அறையை ரோசமெல் பார்த்ததே இல்லை. வெயில் மேசைமேல் ஏறியது, அவள் சால்வைமேல் ஏறியது, சுவரில் வெகுநேரம் நின்றது. அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தார்.

மறுநாள் ஓர்தென்சியா மூச்சிரைக்க மேடேறி வந்தாள். “தோன் ரோசமெல், அவ இருட்டு கல்லறையில கிடக்கு. வந்து பாருங்க.”

ஒரு கட்டில் அளவுக்குத்தான் இருந்தது. அவர் அதற்குள் போய் உட்கார்ந்தார். சில நாள் கழித்து யாரோ ஒரு பலகையை ஊன்றி இருக்கையாக்கி வைத்தார்கள். பூ வைக்கப் போகும்போது அந்த இடத்தில் விளக்கில்லாமல் போய்த் தடுக்கி விழக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள்.

ஓர்தென்சியாவின் கணவர் இறந்த வருடம், ஒரு பிற்பகல், கைத்தடியோடு அவள் வந்து நின்றாள். சுற்றிலும் வைக்கோல் அறுவடை வெயில்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க,” என்றாள்.

ரோசமெல் தள்ளி உட்கார்ந்தார்.