பிந்தி வரும் துகளுக்கு ஒரு ட்ரிகர்

எங்கள் ஆய்வுக்கூடத்தின் துகள் மோதல் இயந்திரத்துக்குள் விநாடிக்கு நான்கு கோடி முறை துகள்கள் முட்டி மோதுகின்றன. சேமிக்க முடிவதோ ஆயிரம் மோதல்களைத்தான். எதை வைப்பது, எதை விடுவது என்று கண்ணிமைக்கும் முன் முடிவெடுக்கும் நிரல் ஒவ்வொன்றுக்கும் பெயர் ட்ரிகர். விட்டது விட்டதுதான், திரும்பக் கிடைக்காது.

நான் ஐந்து வருடம் மாரடித்து எழுதிய ட்ரிகர், மற்றவை போன பிறகு ஆடி அசைந்து வரும் ஒரு கனமான துகளுக்கானது. அப்படியொன்று உண்டா என்றே யாருக்கும் தெரியாது. "இருக்கா இல்லையான்னே தெரியாததுக்கா இவ்வளவு பாடு?" என்று என் மாமியார் ஒருமுறை கேட்டார். கோபம்தான் வந்தது.

அதற்கு ஒதுக்கீடு விநாடிக்கு ஐந்து மோதல்கள். திங்கட்கிழமையிலிருந்து அது ஐம்பதை விழுங்க ஆரம்பித்தது. பங்கு பிரித்துக் கொடுக்கும் அதிகாரியைக் கத்தரிக்கோல் என்போம். அவர் அன்றே, பத்துக்கு ஒன்றை மட்டும் எடுக்கும்படி என்னுடையதை வெட்டிவிட்டார். வியாழக்கிழமை காலையில் கூப்பிட்டார்.

"பத்துல ஒண்ண எடுத்து என்ன பிரயோஜனம்? நாலு மணி மீட்டிங்குக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா உங்க பங்க வேற ஆளோட ட்ரிகருக்குக் குடுத்துடுவேன்."

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். கீழ்த்தளத்துக்கு இறங்கி, உணர்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர் அக்கா மேல் பாய்ந்தேன்.

"அக்கா, உங்க கருவி கன்னாபின்னான்னு பொய் சிக்னல் குடுக்குது. என் தலை உருளுது!"

அக்கா சாவகாசமாகத் திரையில் வரைபடத்தைத் திறந்தார். "கருவி ஒழுங்காத்தான் இருக்கு. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு ஒரேடியா ஏறியிருக்கு பாரு. அப்ப யாரு கை வச்சது?"

என் முகத்தில் ஈயாடவில்லை. சோதனைக்காக, ஒரு மோதலை எடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் வரம்பை அறுபதிலிருந்து இருபதுக்கு இறக்கியவள் நான். முடிந்ததும் ஏற்ற மறந்தவளும் நானேதான். இந்த மூன்று நாளில் அந்தத் துகள் வந்திருந்தால், பத்துக்கு ஒன்பது தடவை அதைக் குப்பைக்கு அனுப்பியது என் மறதி.

கருவியில் கோளாறு என்று மீட்டிங்கில் சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். வாய் வரவில்லை.

"தப்பு என்னோடது சார். வரம்ப ஏத்த மறந்துட்டேன். இப்ப ஏத்தியாச்சு, விநாடிக்கு நாலுதான் வருது. ஆனா மூணு நாள் போயிடுச்சே…" என்றேன்.

கத்தரிக்கோல் திரையில் என் ட்ரிகருக்கு எதிரே 'பத்துக்கு ஒன்று' என்றிருந்ததை அழித்து, 'அனைத்தும்' என்று மாற்றினார்.

"மெஷின் இன்னும் மூணு வருஷம் ஓடும்மா. உங்க துகள் மெதுவாவே வரட்டும்," என்றார்.