காயட்டும்

ஈரமானதெல்லாம் வெயிலில் காய்ந்துவிடுகிறது. இது மட்டும் ஏன் காயவில்லை?

ஒரு வருடமாக முனவ்வறா தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. பதில் தெரிந்து மூன்று மாதமாகிறது. ஆனாலும் அரிசி ஆலையின் கொட்டிலுக்குள் நின்று, களத்தில் பரவிக் கிடந்த அவித்த நெல்லையும் அதன்மேல் ஏறிக்கொண்டிருந்த வெயிலையும் பார்க்கும்போது, பழைய பழக்கத்தில் கேள்வி தானாக எழுந்து வந்தது. விரல் மூக்குக்குப் போனது. புண் இருந்த இடத்தில் இப்போது வழுவழுப்பான ஒரு கோடுதான்.

வெயில்மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை. கடல் ஊருக்குள் வந்துபோன அந்த மார்கழியில், கல்முனைக்குடி வீட்டில் மிஞ்சியவையெல்லாம் நனைந்து கிடந்தன. பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், பிள்ளைகளின் சட்டைகள், குர்ஆன். குர்ஆனை மடியில் விரித்து, தாள் தாளாகப் புரட்டியபடி மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். ஓர் எழுத்தும் அழியாமல் காய்ந்தது. எல்லோரும் கைவிட்ட நேரத்தில் கூட நின்ற சொந்தம்போல, வெயில் அவள் மனதில் அன்று குடிவந்தது.

வீடிழந்து முகாமில் இருந்தவளைக் கூப்பிட்டுக் களத்து வேலை கொடுத்தவர் ஆலைக்காரர் சரீப்; எல்லோருக்கும் அண்ணன் முறையில் ‘காக்கா’. நெல் புரண்டு காய, பாதத்தை இழுத்து இழுத்து நடந்து அதில் வரி கீறுவாள். ஒரு நெல்லை எடுத்துக் கடிப்பாள். நசிந்தால் இன்னும் காய வேண்டும். ‘டக்’கென்று உடைந்தால் அள்ளலாம். அவள் பல் சொன்னால் சரீப் மறுபேச்சுப் பேசமாட்டார்.

மூக்கில் பயற்றம்பருப்பளவு புண் வந்தபோதும் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். உச்சி வெயிலில் மற்றப் பெண்கள் நிழலுக்கு ஓட, அவள் முக்காட்டைத் தளர்த்தி முகத்தை மேலே காட்டி நிற்பாள். காயட்டும். பொருக்குக் கட்டும், விழும், இரத்தம் கசியும், மறுபடி பொருக்குக் கட்டும்.

“காயப்போட நீ என்ன கருவாடா?” என்று திட்டித்தான் அவள் கணவன் றமீஸ் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

காரைதீவுக்கார டொக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “வெயிலில காயவிட்டீங்களா? தங்கச்சி, இத ஆக்கினதே வெயில்தான். வருசக் கணக்காப் பட்ட வெயில். புற்றுநோய்தான், ஆனா பரவாத வகை. வெட்டி எடுத்தாச் சரி. இனிப் பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் வெயிலுக்குள்ள நிக்கப்படாது. நிண்டா வேற இடத்தில வரும்.”

“வெயில் நல்லதுதானே டொக்டர்?”

“நல்லதுதான். நெல்லுக்கு.”

புண்ணை வெட்டி எடுத்ததிலிருந்து, காலையில் நெல்லைப் பரப்பிக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவாள். நாலு மணி கழிய, அஸர் தொழுதுவிட்டு அள்ள வருவாள். இன்றும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் சரீப் வந்தார்.

“முனவ்வறா, கொழும்பு லொறி நாளைக்கு விடியவே வருதாம். சண்டை முடிஞ்சி இப்ப செக்பொயின்ட் ஒண்டுமில்லையே, பறந்து வந்திருவான். இண்டைக்கு மட்டும் நிண்டு கீறிக் குடு புள்ள.”

களத்துக்குள் நின்ற, கூட வேலை செய்யும் ஹாஜறா சிரித்தாள். “அவ இப்ப வெள்ளக்காரி காக்கா! அறுகம்குடாக் கடற்கரையில வெள்ளக்காரிகள் கறுக்கணுமெண்டு மணலில கிடந்து காயுறாளுகளாம். அந்த நோய்தான் இவளுக்கும் வந்திரிக்கி. நான் பொறக்கக்குள்ளயே கறுப்பு, எனக்கு ஒண்டும் வராது.”

“ஒன்ட தோலென்ன தகரமா? நானும் கறுப்புத்தான். தலையில துணியப் போடுடி,” என்றாள் முனவ்வறா.

“முகத்த மூடிக்கிட்டு நில்லன்,” என்றார் சரீப். “ஒரு நாள்தானே. நீ கடிச்சிச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி.” ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

சொல்லாததும் அவளுக்குக் கேட்டது. முகாம் வாசலில் வந்து அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல். இந்த ஆறு வருடத்தில் அவருக்கு அவள் ஒருமுறையும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஒரு நாள்தானே என்று கால் முன்னே போனது. கொட்டில் நிழல் முடிகிற கோட்டில், கால்விரல் நுனியில் சூடு பட்டது.

மனதுக்குள் பயத்தைத் தேடிப் பார்த்தாள். பயம் இல்லை. அங்கே இருந்தது வேறு: பத்து மணிக்கு வீடு திரும்பும் நடை, குளிர்ந்த சீமெந்துத் தரை, பகலில் ஒரு சின்னத் தூக்கம், கண்ணாடி பார்க்கும்போது தன் முகம் தனக்கே திரும்பக் கிடைத்த சந்தோஷம். இவ்வளவு காலம் தன் உடம்பையும் ஒரு நனைந்த சாமான் போலவே நினைத்திருந்திருக்கிறாள்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“ஹாஜறா கீறட்டும். ஒரு பிடி நெல்ல வீட்டுக்கு அனுப்புங்க, நிழலில இருந்து கடிச்சிச் சொல்றன்.”

“வந்து நிக்க மாட்டியா?”

“நெல்லு காயட்டும் காக்கா,” என்றாள் மெதுவாக. “எனக்கு இனிக் காய ஏலாது.”