கோடு மூடவில்லை

மருமகள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அவள் ஆய்வகத்தில் வளர்ப்பவை புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்கள். செல்லுக்குள் கூடாரக் கம்பிபோல நின்று உருவம் கொடுக்கும் புரதம் ஒன்று உண்டு. விமென்டின் என்று பெயர். அது கூடிப்போனால் செல்லுக்குக் கால் முளைத்த மாதிரிதான், ஊர் சுற்றக் கிளம்பிவிடும். குறைத்தால் அடங்குமா? இரண்டு தட்டுகளில் செல்களை நெருக்கமாய் வளர்த்து, நடுவே ஒரு கோடு கீறியிருந்தாள். விமென்டின் நிறைந்த தட்டில் இரு கரைச் செல்களும் நகர்ந்துவந்து கோட்டை மூடிவிட்டன. குறைத்த தட்டில் கோடு பளிச்சென்று அப்படியே கிடந்தது. முந்தைய தடவைகளிலும் இதே கதைதான். நம்பப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்தாள்.

இன்று முடியவில்லை. மாமனாரைப் போனில் அழைத்தாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவருக்கும் இதே நோய். மெதுவாக வளரும் வகை என்பதால் டாக்டர்கள் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள்.

"மாமா, நகரலை! ஒண்ணுகூட நகரலை!"

"எங்கம்மா நிக்குது? பேட்டரி பாத்தியா?"

"கார் இல்ல மாமா, செல்லு!"

"செல்லுன்னா சார்ஜ் போடும்மா."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் பதறி எழுந்தார். "கேன்சர் செல்லு மாமா!"

மறுமுனையில் குரல் இறங்கியது. "அப்ப எனக்கு...?"

"பொய் சொல்ல மாட்டேன் மாமா. இப்போதைக்குத் தட்டுலதான். மருந்தாக வருஷக்கணக்காகும், ஆகாமலும் போகலாம்."

"அது கிடக்கட்டும். பாக்க விடுவாங்களா?"

மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவசரத்தில் மாமியார் காலில் ஜோடி மாறிய செருப்பு. மாமனாருக்கு மாட்டிய வெள்ளை அங்கி வயிற்றோடு நின்றுவிட்டது.

"எங்கம்மா அந்த ரவுடிங்க?"

"கோட்டுக்கு ரெண்டு பக்கமும்."

குனிந்து பார்த்தார். "அப்படியே நில்லுங்கடா!" என்று அதட்டினார்.

"தள்ளுங்க, நானும் திட்டணும்," என்று மாமியார் இடித்துக்கொண்டு வந்தார். மாதக்கணக்கில் அடக்கிவைத்ததை எல்லாம் அந்தத் தட்டின்மேல் கொட்டினார். மேசைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாமனார் கண்ணைத் துடைத்தபடி மருமகள் காதருகே வந்தார். "போன வாரமே செக்கப்புக்குப் போயிருக்கணும்மா. பயத்துல போகலை. நாளைக்குப் போயிடறேன்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் மாமியார் நுண்ணோக்கியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.