படிக்கட்டு பல்பு எப்போது போனது?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அட்டைப்பெட்டியிலிருந்து வந்தது. எங்கள் குளியலறை பல்பு போய்விட்டதால் புதிதாக ஒன்று வாங்கிவந்தேன். பெட்டியைக் கிழிப்பதற்கு முன் சும்மா திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'பதினைந்து ஆண்டுகள்' என்று போட்டிருந்தது. பின்பக்கம், மூக்குக்கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற அளவில் ஒரு படம்: கண்ணாடி மூடிக்குள் ஒரு பல்பு, அதன்மேல் பெருக்கல் குறி. மூடி போட்ட இடத்தில் மாட்டாதே என்று அர்த்தம். சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் இந்த வகை பல்பு சீக்கிரம் செத்துவிடுமாம்.

அந்தப் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? முன்பக்கத்தை நம்பி எங்காவது ஒருவர் செத்திருப்பார் என்று தோன்றியது. கதை எழுதுகிறவனின் புத்தி இப்படித்தான் போகும். நல்லதாக ஒன்றும் தோன்றித் தொலைக்காது.

2

முதல் தொடக்கம்: 'அன்று மாலை படிக்கட்டில் விளக்கு அணைந்தபோது, அப்பாவின் வாழ்க்கை விளக்கும்—'

(சீ! அடித்துவிட்டேன். ஆனால் அழிக்கவில்லை. எப்படிப்பட்ட ஆளிடம் மாட்டியிருக்கிறோம் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.)

இரண்டாம் தொடக்கம்: 'ஓர் எல்இடி பல்பு தன் முழு ஆயுளையும் வாழ்வதை யாரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு விற்பதில்லை.' இது பரவாயில்லை. பதினைந்து வருடம் காத்திருந்து சோதிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? சில மாதங்கள் எரியவிடுவார்கள், வெளிச்சம் எவ்வளவு மங்கியது என்று அளப்பார்கள், மீதியைக் கணக்குப் போட்டு நீட்டிவிடுவார்கள். அந்தக் கணக்கும் பெரும்பாலும் ஒளி தருகிற சின்னச் சில்லைப் பற்றியது. சில்லுக்கு மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கிற பாகங்கள் அடியில், இருட்டில், சூட்டில் கிடக்கின்றன. அவற்றில் கெப்பாசிட்டர் என்று ஒன்று, சுண்டுவிரல் நுனி அளவு. பல நேரம் முதலில் படுப்பது அதுதான்.

கட்டுரையாகப் போகிறது. ஆளைக் கொண்டுவருகிறேன்.

3

அவளைக் கூட வேலை செய்பவர்கள் 'போஸ்ட்மார்ட்டம் அக்கா' என்பார்கள். பல்பு கம்பெனியில், போய்விட்டதென்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்புகிற பல்புகளைத் திறந்து காரணம் சொல்வது அவள் வேலை. தட்டைக் கத்தியால் பல்பின் வெள்ளைத் தொப்பியை நெம்பி எடுத்து உள்ளே பார்ப்பாள். மேசையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள். இடது தட்டு 'நம்மளது': தயாரிப்பில் கோளாறு, புது பல்பு கொடுக்க வேண்டும். வலது தட்டு 'அவங்களது': மூடி போட்ட இடத்தில் மாட்டியது, ஈரம் பட்டது, ஒன்றும் கிடையாது. எந்த பல்பும் இரண்டில் ஒன்றில் விழுந்தாக வேண்டும். அவள் கை தயங்கி யாரும் பார்த்ததில்லை.

(முதல் வரைவில் இவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். அது சோம்பேறித்தனம். சாப்பாட்டு நேரத்தில் ஊர்வம்பு பேசி எல்லாருக்கும் புரையேற வைக்கிறவள். அப்பா செல்லம் வேறு.)

அப்பா தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் வீட்டு மாடிப்படிக்கு அவள்தான் தன் கம்பெனி பல்பைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தாள். அப்பா பெட்டியை வாங்கிப் பார்த்தார்.

"பதினைஞ்சு வருஷமா? அப்போ என்னை வழியனுப்பிட்டுத்தான் இது போகும்."

"வாயில நல்ல வார்த்தையே வராதாப்பா உங்களுக்கு?"

(இந்த வசனத்தை வெட்டினேன், சேர்த்தேன், மறுபடி வெட்டினேன். கதைக்கு இத்தனை தோதாக ஒருவர் பேசுவாரா என்று சந்தேகம். ஆனால் வயதான அப்பாக்கள் இப்படிப் பேசாமல் இருந்தால்தான் நம்ப முடியாது.)

4

பிறகு அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்கட்டு வெளிச்சம் ஊசியாகக் குத்துகிறது என்றார். அம்மா பரணிலிருந்து ஒரு பழைய கண்ணாடி மூடியை எடுத்துக் கழுவி, பல்பைச் சுற்றி மாட்டினாள். இடுக்கு வழியாகப் பூச்சிகள் போய் உள்ளே செத்துக் கிடந்தன. சகிக்காமல் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினாள். காற்றுகூடப் புகாது.

"இப்பதான் கண்ணுக்குக் குளுமையா இருக்கு" என்றார் அப்பா.

அங்கே குழாய்த் தண்ணீர் மாலையில் வரும். மாடித் தொட்டி நிரம்பியதும் மேலே போய் வால்வை மூடுவது அவர் பொறுப்பு. அன்றும் ஏறினார். அம்மா முன்னறையில் டிவி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே தொட்டித் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. "தண்ணி வீணாப் போகுது, அங்க என்ன பண்றீங்க?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். சத்தம் நிற்கவில்லை. மறுபடி கத்தினாள். "காதும் போச்சா?" என்று திட்டினாள். நாடகம் முடிந்துதான் எழுந்து போனாள். படிக்கட்டு இருட்டாக இருந்தது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அணைத்துப் போட்டாள், எரியவில்லை. படி திரும்புகிற இடத்தில் அவர் தலை கீழே இருக்கக் கிடந்தார். மேலே தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

இந்தப் பகுதியை இப்படி முடித்தேன்: 'வழியனுப்ப வேண்டிய பல்புதான் முந்திக்கொண்டது.'

(எழுதி முடித்ததும் எனக்கே ஒரு திருப்தி. இந்த வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் என் குரல்வளையைப் பிடிக்கும்.)

5

இதுவரை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பல்பு அப்படிப் பொசுக்குனு போகாதுங்க. நம்ம பாத்ரூம் பல்பு எத்தனை நாளா மினுக்கு மினுக்குன்னுச்சு? உங்ககிட்ட சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம்."

சட்டென்று போகிற பல்புகளும் உண்டு என்று வாதாடிப் பார்த்தேன். ஆனால் சூட்டில் வெந்து சாகிற கெப்பாசிட்டர் இழுத்துக்கொண்டு கிடந்துதான் சாகும். இந்தச் சின்னத் திருத்தம் கதையைக் குப்புறத் தள்ளிவிட்டது. பல்பு நாள்கணக்கில் மினுக்கியதென்றால், யாரோ அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் சும்மா இருந்திருக்க வேண்டும். யார்?

யோசித்து, அப்பாவையே பார்க்க வைத்தேன். மகளுக்குப் போன் செய்ய வைத்தேன்.

"ஏம்மா, படிக்கட்டு லைட்டு விட்டு விட்டு எரியுது. போயிடுமோ?"

"கரண்டு ஏத்த இறக்கமா இருக்கும்பா. அதுக்கு ஒண்ணும் ஆகாது. விடுங்க."

அவள் மேசையில் அப்போது பல்புகள் குவிந்து கிடந்தன. 'மேல மூடி கீடி போட்டிருக்கீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அவள் முதலில் கேட்கிற கேள்வி. அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் அப்பா, ஏனென்றால் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, ஏனென்றால்—

"எதுக்குங்க எல்லாத்தையும் அந்தப் பொண்ணு தலையிலயே கட்டறீங்க?" என்றாள் மனைவி. "கதையில ஒரு தம்பி கிம்பி கிடையாதா?"

இருக்கிறான். இதோ வருகிறான்.

6

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, தம்பி அந்த பல்பைக் கழற்றிக் கொண்டுவந்து அக்காவின் முன் மேசையில் வைத்தான்.

"உன் கம்பெனி பல்புதான்க்கா. நீயே திறந்து பாரு. கம்பெனி தப்புன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் கேஸ் போடறேன்."

"என் வேலை போயிடும்டா."

"அப்பாவே போயிட்டாரு." கையில் ஒட்டியிருந்த டேப் துணுக்கை உரித்துக்கொண்டே சொன்னான். "இதைக் கழட்டறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. மூடியைச் சுத்தி யாரோ டேப்பு ஒட்டி வச்சிருக்காங்க."

யாரோ! அவனுக்கு அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. மூடி என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு எல்லாம் தோன்றிவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

மகள் சமையலறைக் கத்தியால் தொப்பியை நெம்பினாள். கெப்பாசிட்டரின் தலை உப்பி, வெடித்து, பழுப்பாகக் கசிந்திருந்தது. ஒளிச் சில்லுகள் பழுதில்லாமல் இருந்தன. அந்தக் கெப்பாசிட்டர் இருப்பதிலேயே மட்டமான ரகம் என்று அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. நல்ல ரகமாக இருந்தால் இந்தச் சூட்டை இன்னும் பல காலம் தாங்கியிருக்கும். மூடி இல்லாதிருந்தால் இந்த மட்ட ரகமே தாங்கியிருக்கும். போனில் அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இரண்டும் எப்படி இருந்தாலும் அப்பா இருந்திருப்பார்.

அந்த மேசையில் தட்டுகள் இல்லை. தம்பி பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

7

முடிவு ஒன்று. "நம்மளது" என்கிறாள். தம்பி வழக்குப் போடுகிறான். கம்பெனி வக்கீல் கேட்கிற முதல் கேள்வியே மூடி பற்றியது. அம்மாவைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், யாரம்மா டேப் ஒட்டினது என்று—

முடிவு இரண்டு. "அவங்களது." கம்பெனி விதிப்படி இதுதான் சரியான பதில். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். (இதற்குமேல் எழுதமாட்டேன். எழுதினால் இன்னொரு சாவை எழுத வேண்டிவரும்.)

முடிவு மூன்று. போனில் பேசியதைச் சொல்லி அழுகிறாள். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறான். அம்மா அவள் தலையைத் தடவி, உன் மேல ஒண்ணும் தப்பில்லைடி என்று தேற்றுகிறாள். மூன்றிலும் கொடுமையானது இதுதான்.

மனைவியிடம் காட்டினேன். "மூணும் வேண்டாம்" என்றாள். "அந்த அம்மாவை வாசல்லயே நிக்க வச்சிட்டீங்க. அவங்க கேக்க நினைச்சதை இன்னும் கேக்கவே இல்லையே."

8

அம்மா மேசைக்கு வந்தாள். திறந்து கிடந்த பல்பைத் தொடவில்லை.

"யாரு தப்புங்கிறது எனக்கு வேண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. பல்பு போனதால விழுந்தாரா? இல்ல, அவர் விழுந்து கிடந்ததுக்கு அப்புறம்தான் பல்பு போச்சா? உனக்குத்தான் திறந்து பார்த்தா எல்லாம் தெரியுமே."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

பல்பைத் திறந்தால் ஏன் போனது என்று தெரியும். எப்போது போனது என்று தெரியாது. நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய் அந்த அழகான வாக்கியத்தைப் பார்த்தேன். 'பல்புதான் முந்திக்கொண்டது.' எதை வைத்து எழுதினேன்? படிக்கட்டில் யாரும் இல்லை. நானும் இல்லை. அந்த நேரத்தில் நானும் முன்னறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பல்பு போனது என்றால், கம்பெனியும் மூடி போட்ட கையும் போனை வைத்த கையும் சேர்ந்து அவரைக் கொன்றன. முதலில் அவர் விழுந்தார் என்றால் எல்லாருக்கும் விடுதலை. தலைசுற்றல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்போது அவர் நல்ல வெளிச்சத்தில் கிடந்திருக்கிறார். காதும் போச்சா என்று அம்மா திட்டுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கலாம். அவள் எழுந்து வாசல் வரை வந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

இந்த இரண்டில் அம்மாவுக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மகளுக்கும் தெரியவில்லை. 'தெரியலைம்மா' என்று உண்மையைச் சொல்லலாம். ஆனால் எந்த பல்பைப் பற்றியும் அவள் அப்படிச் சொன்னதே இல்லை என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மறைக்கிறாள் என்றுதான் அம்மா நினைப்பாள். எதை மறைக்கிறாள் என்று ஆயுசுக்கும் உட்கார்ந்து யோசிப்பாள்.

என்னால் ஆகாது. கத்தியையும் பல்பையும் உங்கள் பக்கம் தள்ளிவைக்கிறேன். மகள் வாயைத் திறந்துவிட்டாள், வார்த்தை மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டும். என்னை மாதிரி வாக்கியம் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் அம்மா அப்படியே நம்பிவிடுவாள். சரிபார்க்க அவளிடம் வேறு எதுவும் இல்லை.