டேங்குக்குள் ஒரு கை

ஆற்றின் நடுவே வந்ததும் இன்ஜின் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை இருமக்கூட இல்லை, அப்படியே நின்றுவிட்டது.

படகில் பதினாலு பேர். அக்கரைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், தபால்காரர், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு கர்ப்பிணி, அவளுடைய மாமியார், மற்றவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். ஓட்டியவளுக்கு நாற்பத்தொரு வயது. ஒன்பது வருஷம் இதே படகை அண்ணன் ஓட்ட, கயிறு பிடித்தும் ஆட்களை ஏற்றி இறக்கியும் பழகியவள். அண்ணனுக்கு இடுப்பு வலி முற்றிப்போய், இனிமேல் படகில் ஏறவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்ன பிறகுதான் படகு அவள் கைக்கு வந்தது. வந்து மூன்று வாரம்கூட முழுசாக ஆகவில்லை.

முதலில் நங்கூரத்தைப் போட்டாள். பிறகு இன்ஜின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தாள். ஃபில்டருக்கு அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் டீசல் நிறமே இல்லை. டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக ஏதோ நின்றது. அதை வடித்துவிட்டு, கையிருப்பில் இருந்த ஒரே புது ஃபில்டரை மாட்டி, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் ஓடி மறுபடியும் நின்றது.

"உங்க அண்ணன் இருந்தவரைக்கும் ஒரு நாளாவது இப்படி நின்னிருக்கா?" என்றாள் மாமியார்க்காரி, யாரையும் பார்க்காமல்.

ஓட்டியவள் மறுபடி இன்ஜின் மூடியைத் திறந்தாள். மறுபடி வடித்தாள், மறுபடி பம்பு அடித்தாள். ஆமை வேகத்தில், நடுவில் இன்னும் இரண்டு தடவை நின்று, ஒருவழியாகக் கரை சேர்ந்தார்கள். கணக்கு டீச்சர் மட்டும் இறங்கும்போது, "பதறாம செஞ்சீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மீதி நடையை ரத்து செய்தாள். டேங்கின் அடிவரைக்கும் ஒரு ரப்பர் குழாயை விட்டு, அங்கிருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் தண்ணீர், மேலே டீசல். இரண்டுக்கும் நடுவே பழுப்பாக, கொழகொழவென்று ஒரு பாசி.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தப் பாட்டிலோடு நேரே பங்க்குக்குப் போய், "டீசல்ல தண்ணி கலந்து விக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். பங்க்குக்காரர் சண்டை போடவில்லை. அவள் கண் முன்னாலேயே இன்னொரு பாட்டிலில் டீசல் பிடித்து, அவள் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். தேன் மாதிரித் தெளிவாக இருந்தது.

"இந்தப் பாசி ஒரு நாள்ல வளர்றது இல்லம்மா. தண்ணி பல மாசம் தங்கியிருக்கணும். நீங்க படகு எடுத்து எத்தனை நாளாச்சு?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

வீட்டுக்குப் போகாமல் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் இடுப்பில் பெல்ட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தான். பாட்டிலை அவன் எதிரே ஸ்டூலில் வைத்தாள். அவன் அதையே பார்த்தான். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணிதான் பேசினாள்.

"சொல்லிடுங்க. இன்னும் எத்தனை நாளைக்கு வயித்துக்குள்ளயே வச்சிருப்பீங்க?"

அண்ணன் பாட்டிலைச் சற்றுத் தள்ளி வைத்தான். "எனக்குத் தெரியும்மா. போன வருஷ வெள்ளத்துல படகு பாதி முழுகிச்சே, அப்பவே டேங்க்ல தண்ணி போயிடுச்சு. டேங்கைத் திறந்து கழுவ வழியே இல்ல. அதனால பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, நீங்க யாரும் வர்றதுக்கு முன்னாடியே போய் ஃபில்டரை மாத்திடுவேன்."

"அதான் உன் காலத்துல படகு நிக்கவே இல்லயா?"

"ஆமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ படகே வேணாம்னுடுவ. வேற யார் கைக்காவது போயிடும்னு பயந்துட்டேன்."

"பயந்தியா? அண்ணா, ஆத்து நடுவுல பதினாலு பேரு. அதுல ஒருத்தி புள்ளத்தாச்சி. நான் பயந்தது உனக்குத் தெரியுமா?"

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டாள். பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "திட்டறதை முழுசாத் திட்டிட்டுப் போ. பாதியில விட்டா ரெண்டு பேருக்கும் தூக்கம் வராது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. திரும்பி உள்ளே வந்தாள்.

"திட்டி என்ன ஆகப்போகுது? டேங்கைத் திறக்கணும். எப்படின்னு சொல்லு."

"சொல்றது என்ன, நானே வர்றேன்."

"உன் இடுப்பு?"

"படகு கரையிலதானே நிக்குது? டாக்டர் ஓடுற படகைத்தான் சொன்னார்."

"அவர் அப்படியா சொன்னார்?" என்று அண்ணி முறைத்தாள். ஆனால் ஒரு தலையணையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் படகைக் கரையில் ஏற்றினார்கள். டேங்கில் இருந்ததையெல்லாம் பீப்பாய்களுக்கு மாற்றி, பழைய எண்ணெய் எடுப்பவர்களிடம் ஒப்படைத்தார்கள். டேங்கின் மேல்தகட்டில் தட்டகலத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, நெருப்புப் பொறி எழாமல் கைத்துளைப்பானால் வரிசையாகத் துளை போட்டு, கைரம்பத்தால் அறுத்தே திறந்தார்கள். அதற்கே ஒரு நாள் போயிற்று. தூள் உள்ளே விழாதிருக்க அண்ணன் கோடு நெடுகக் கிரீஸ் தடவச் சொன்னான்.

திறந்ததும் வந்த நாற்றத்தில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன் கையை விட்டுப் பார்த்தான். முழங்கைக்கு மேல் போகவில்லை.

"நல்லா சாப்பிட்ட கை," என்றாள் அவள்.

அவள் கை தோள்வரைக்கும் போனது. அவன் தலையணையில் ஒருக்களித்துப் படுத்து டார்ச் அடிக்க, மரச் சுரண்டியால் வழித்து வழித்துப் பாசியை எடுத்தாள். பழந்துணி மூன்று மூட்டை தீர்ந்தது. அவளுக்குத் தோள்பட்டை கன்றிச் சிவந்தது. மூலையைக் காட்டும்போதெல்லாம் அவன், "அங்க இன்னும் இருக்கு" என்றான். "தெரியுது, தெரியுது" என்றாள் இவள். அடுத்த நாள் சாயங்காலம் டார்ச் வெளிச்சத்தில் டேங்கின் அடித்தகடு வெள்ளி மாதிரி மின்னியது.

அதோடு வேலை முடியவில்லை. டீசல் ஊற்றும் வாயின் மூடியை அவள் கழுவும்போது அதன் ரப்பர் வளையம் விரலோடு வந்துவிட்டது. வெடித்து, இற்றுப்போயிருந்தது. மழை பெய்தாலும், தளத்தைக் கழுவினாலும் தண்ணீர் இதன் வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும்.

"தளத்தைத் தினமும் பக்கெட் பக்கெட்டா ஊத்திக் கழுவினது நான்தான்" என்றாள் அவள்.

"ஒன்பது வருஷமும் இந்த மூடியை மாட்டினது நான்" என்றான் அவன்.

புது வளையம் போட்டார்கள். வெட்டிய வாய்க்கு டீசலைத் தாங்கும் ரப்பரை வைத்து, திருகாணிகளால் இறுக்கிய ஒரு கனத்த தகட்டு மூடி. இனி எப்போது வேண்டுமானாலும் திறந்து கழுவலாம்.

திங்கட்கிழமை காலை துறையில் வழக்கமான கூட்டம். ஆனால் யாரும் முதலில் ஏறவில்லை. மாமியார்க்காரி, "இன்னிக்கும் நிக்குமா?" என்று கேட்டாள்.

அண்ணன் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஒரு நிமிஷம் கேளுங்க. என் காலத்துல படகு நிக்கலன்னு சொல்றீங்க. உள்ள அழுக்கை வச்சுக்கிட்டு, நான் திருட்டுத்தனமா ஃபில்டர் மாத்தித்தான் ஓட்டினேன். இவகிட்டயும் சொல்லாம குடுத்துட்டேன். அன்னிக்கு நின்னது என் தப்பு. டேங்குக்குள்ள கைய விட்டுச் சுத்தம் பண்ணினது இவ."

"அடப்பாவி!" என்றார் தபால்காரர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், மாமியார்க்காரி உட்பட. கணக்கு டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறினார். கர்ப்பிணி கையை நீட்ட, தங்கை பத்திரமாகப் பிடித்து ஏற்றிக்கொண்டாள்.

ஆற்றின் நடுவே நீரோட்டம் இழுக்கும் இடம் வந்தது. அவள் வேகத்தைக் கூட்டினாள். இன்ஜின் ஒரே சீராகப் பாடியது. கொஞ்ச நேரம் எல்லோருடைய காதும் அதன் மேலேயே இருந்தது. பிறகு டீச்சர் விடைத்தாள்களை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார், மாமியார்க்காரி மருமகளிடம் பிறக்கப்போகிற குழந்தைக்குப் பெயர் சொல்ல ஆரம்பித்தாள், தபால்காரர் பையின் மேல் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். அக்கரையில் அவரை உலுக்கி எழுப்பித்தான் இறக்கிவிட வேண்டியிருந்தது.